மைனஸ் இருபத்தேழு

பிஷ்கெக்கில் ஐந்து நாள் பயிற்சி.
ஆறாம் மாடி. சுவரோரம் வெந்நீர்க் குழாய்கள்,
கோட்டைக் கழற்றிவிட்டு உட்கார முடிந்தது.
தலைமை என்பது தொலைநோக்கு என்றார்கள்,
குறித்துக்கொண்டேன்.
பூசல் தீர்க்க ஏழு படிகள் என்றார்கள்,
அவற்றையும்.
நான்காம் நாள் மாலை ஒரு பந்தைக்
கைமாற்றிக் கைமாற்றி எறிந்து
அவரவர் பயத்தைச் சொல்லச் சொன்னார்கள்.
பந்து என்னிடம் வந்தபோது
‘வரவு செலவு’ என்று சொல்லித் தப்பினேன்.

கொதிகலன் பற்றி யாரும் பேசவில்லை.

பிப்ரவரி, திங்கள், விடிகாலை நாலரை.
எசென்கான் அழைக்கிறான்:
“பிரின்சிபால், பம்பு நின்றுவிட்டது.”
போன மே வரைக்கும் அவனுக்கு நான் சல்தனத்,
அவன் மகனுக்குப் பின்னம் புரியவைத்தவள்.

குழாய்த் தண்ணீரை இறக்கிவிடவா என்கிறான்.
இறக்கினால் இன்று பள்ளி இல்லை.
இறக்காவிட்டால் உறைந்து வெடித்து
வசந்தம் வரைக்கும் இல்லை.
மாவட்ட அலுவலகத்துக்குப் போன் போடுகிறேன்.
அடிக்கிறது, அடிக்கிறது,
நாரின் மலைகளுக்கு அந்தப்பக்கம்
ஒரு காலி நாற்காலிக்குக் கேட்டிருக்கும்.
எந்த முடிவு யார் எடுக்க வேண்டும் என்ற பாடம்
மூன்றாம் நாள், மதியச் சாப்பாட்டுக்கு முன்பு.
எனக்கு நினைவிருப்பது சாப்பாடு.

“இறக்கு.”

சொல்லிவிட்டுப் போனையே பார்த்திருந்தேன்,
யாராவது அழைத்து
‘உன்னை யார் சொல்லச் சொன்னது’ என்பார்களென்று.

பெற்றோர்களுக்குச் செய்தி அனுப்பினேன்.
மேல் மந்தைவெளியில் சிக்னல் இல்லை.
ஏழே முக்காலுக்கு நான்கு குதிரைகள்,
பதினொரு பிள்ளைகள்,
இமையெல்லாம் வெள்ளை.

புருல் எனக்கு முன்பே வந்திருந்தாள்.
இருபத்தாறு வருடம் இங்கே வேதியியல்.
இந்தப் பதவிக்கு அவளும் விண்ணப்பித்தாள்.
செப்டம்பரிலிருந்து
நான் ஆசிரியர் அறைக்குள் நுழைந்தால்
கெட்டில் மட்டும்தான் பேசுகிறது.
கம்பளி பூட்ஸைத் தட்டியபடி சொன்னாள்:
“வியாழனிலிருந்தே பம்பு இருமிக்கொண்டிருந்தது.”
யாரும் என்னிடம் சொல்லவில்லையே.
“நீங்கள் கேட்கவில்லை.”

பம்பைவிட அந்த ‘நீங்கள்’ சில்லிட்டது.
பதினாறு வருடம் ‘நீ’ என்றவள்.
ஏழு படிகளில் முதல் படி
ஆழ்ந்து மூச்சுவிடுவது.
விட்டேன். புகையாய்ப் போனது.

அடுப்பு இருப்பது சமையலறையில் மட்டும்.
பதினொரு பேரையும் அங்கே உட்காரவைத்தோம்,
மாவு மூட்டைகளின் மேல், கவிழ்த்த வாளிகளின் மேல்.
நான் பாடம் எடுத்து ஐந்து மாதமாகிறது.
ரொட்டித் தட்டைத் திருப்பி, கரி படிந்த முதுகில்
சுண்ணக்கட்டியால் எழுதினேன்:
எட்டு ரொட்டி, பதினொரு பேர்.
கை தானாகப் போனது.
வெட்கமாகக்கூட இருந்தது,
அவ்வளவு சந்தோஷம்.

ஆர்ஸ்தன்பெக் கை தூக்கினான்.
கணக்குக்கு அல்ல.
“இன்று பள்ளி திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா?”
புருல் என்னைப் பார்த்தாள்.
ரொட்டியை அறுத்துக்கொண்டேதான் பார்த்தாள்,
ஆனாலும் பார்த்தாள்.

அதே கேள்வி படிவத்திலும் இருக்கிறது.
இரண்டு கட்டங்கள், ஒன்றில்தான் குறியிடலாம்.
கீழே ‘காரணம்’, அதற்கு ஒற்றை வரி.
பம்பு பழுது என்றால் வரிக்குள் அடங்கும்.
வியாழக்கிழமையையும் எழுதினால்
ஓரத்துக்கு வழியும்,
என் கையெழுத்து விழ வேண்டிய இடம் வரை.

பேனாவில் மை உறைந்திருக்கிறது.
அக்குளில் இடுக்கிக்கொண்டு
உட்கார்ந்திருக்கிறேன்.